புதுச்சேரியில் பிரெஞ்சுக் கால ஏக்கம் ஏன் இன்னும் தீரவில்லை?

"ஆண்டவர்கள் போய் இத்தனை வருடமாயிற்று, இன்னும் ஏன் ஏக்கம்? இவர்கள் தமிழரா, பிரெஞ்சுக்காரரா?" என்பது கேள்வி. வெறும் அடிமைப் புத்தி என்று இதை ஒதுக்குவது அநியாயம். சட்டத்தைப் பார்த்தால்தான் இது புரியும்.

பிரெஞ்சு அரசின் 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, இங்குள்ளவர்கள் சாதி, மதவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வர முடிந்தது. எழுதிக் கொடுத்தால் பழைய சட்டத்துக்குத் திரும்ப முடியாது. குடும்பப் பெயர் ஒன்றையும் எடுக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர் பலருக்கு அது சாதி அடையாளத்தைக் கழற்றிப்போடக் கிடைத்த வழி. அவர்களின் வாரிசுகள் பிரெஞ்சு ஆட்சியை நன்றியோடு நினைப்பதில் எனக்கு வியப்பில்லை.

அடுத்தது 1962 ஆகஸ்ட் 16. புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவுக்கு ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த அன்று, அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியரானார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை தொடர வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரான்சிலோ வியட்நாமின் சைகோனிலோ இருந்தவர்களுக்கு அது தானாகவே தொடர்ந்தது. இதனால் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஒரே வீடு பிரிந்தது. பிரெஞ்சுப் படையில் இருந்து திரும்பியவரை ஊரில் 'சொல்தா' என்பார்கள். அவருக்குப் பிரெஞ்சு ஓய்வூதியம் வரும், பக்கத்து வீட்டுக்காரருக்கு வராது. ஏக்கத்தில் பாதி இந்தக் கணக்குதான்.

சுற்றுலா விற்கும் ஏக்கம் வேறு. நகரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவரைப் படமெடுப்பவர்கள், மேற்கே திண்ணை வைத்த தமிழ் வீடுகள் இடிவதைப் பார்ப்பதில்லை. அந்தக் கிழக்குப் பகுதிக்கு 'வெள்ளை நகரம்' என்று பெயர் வைத்ததே நிறம் பார்த்துத்தான். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.