லத்தி அள்ளவா பணம் கட்டினோம்?

குதிரையேற்றம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கோவை அருகே 31 ஆண்டுகளாகக் குதிரையேற்றம் கற்றுத்தரும் பயிற்சியாளர் பதில் சொல்கிறார்.

என் பத்து வயது மகளைக் குதிரையேற்ற வகுப்பில் சேர்த்திருக்கிறேன். ஒரு மணி நேர வகுப்பில் அரை மணி நேரம் லாயத்தைப் பெருக்கவும், குதிரையைத் தேய்த்துவிடவும், லத்தி அள்ளவும் வைக்கிறார்கள். ஏறி உட்காருவது மீதி அரை மணி மட்டும்தான். இதற்கா பணம் கட்டினோம்? அந்த வேலைக்கு ஓர் ஆள் வைத்துக்கொண்டால் என்ன?
– ஒரு தாய், திருப்பூர்

உங்கள் கோபம் எனக்குப் புதிதல்ல அம்மா. வருடத்துக்கு நான்கு பெற்றோராவது இதே கேள்வியோடு என் வாசலில் வந்து நிற்பார்கள். (லத்தி என்றால் குதிரைச் சாணம். அதைக் கேட்டதும் போலீஸ்காரர் கையில் இருப்பதை நினைத்துப் பதறிய ஒரு தாத்தாவும் உண்டு.) அவர்களிடம் சொல்வதையே உங்களிடமும் சொல்கிறேன்.

எங்களிடம் ஏழு குதிரைகள். அவற்றில் நான்கு, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றவை. அந்த நான்கில் ஒரு செவலைப் பெட்டையைப் பிள்ளைகள் 'அத்தை' என்று கூப்பிடுவார்கள். எதையும் குறை சொல்லும் பாவனையிலேயே நிற்பாள். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதக் காலை. குதிரைக்காரர் உறவினர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் சேணங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி வெறும் கூடையோடு வந்து நின்று, "சார், அத்தை ராத்திரி முழுக்க ஒன்றுமே போடவில்லை" என்றாள்.

குதிரை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை லத்தி போடும். இரவெல்லாம் குதிரை நின்ற இடம் காலையில் சுத்தமாக இருந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஓடிப்போய்ப் பார்த்தேன். வைத்த கொள்ளு அப்படியே இருந்தது. தொட்டித் தண்ணீர் பாதிகூடக் குறையவில்லை. அவள் தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், முன்காலால் தரையைப் பறித்தாள். குதிரையின் வயிற்றில் காதை வைத்தால் எப்போதும் களகளவென்று சத்தம் கேட்கும். அன்று ஒரு பக்கம் சத்தமே இல்லை. நாடி நிமிடத்துக்கு 56. சும்மா நிற்கும் குதிரைக்கு அது 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும்.

கோலிக் என்று நாங்கள் சொல்லும் வயிற்றுவலி அது. மனிதனுக்கு வந்தால் ஓமத் தண்ணீரில் தீரலாம். குதிரைக்கு உயிரையே எடுத்துவிடும். ஏனென்றால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனதற்கு ஒரே வழிதான், அந்த வழி அடைத்துக்கொண்டால் கதை முடிந்தது. கால்நடை மருத்துவர் வந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் திரவ பாரஃபின் என்ற மலமிளக்கி எண்ணெயை ஊற்றினார். அந்தச் சிறுமி வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள். மாலை ஐந்தரை மணிக்கு அத்தை லத்தி போட்டபோது, நான், மருத்துவர், சிறுமி, அவளை அழைத்துப்போக வந்த அப்பா எல்லோரும் கைதட்டினோம். அப்பா எதற்குக் கைதட்டினார் என்பது அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது.

தேய்த்துவிடுவதும் இப்படித்தான். சேணத்துக்கு அடியில் ஒரு சிட்டிகை மண் இருந்தாலும், மேலே ஆள் ஏறி அரை மணி குலுங்கினால் தோல் வழன்று புண்ணாகும். தேய்க்கும் கைக்குத்தான் எங்கே வீக்கம், எங்கே சூடு, எங்கே தொட்டால் சிலிர்க்கிறது என்று தெரியும்.

குளம்பு விஷயத்தில் நானே குற்றவாளி. பத்தொன்பது வயதில், அவசரத்தில், குளம்புகளைப் பார்க்காமல் ஏறிவிட்டேன். மூன்றாவது சுற்றில் குதிரை தடுமாறியது. எனக்குக் காறை எலும்பு முறிந்தது. குளம்புக்குள் நெல்லிக்காய் அளவு கல். குதிரை பன்னிரண்டு நாள் நொண்டியது. என் ஆசான் ஒரு வார்த்தை திட்டவில்லை. எலும்பு கூடியதும் ஒரு மாதத்துக்கு அங்கிருந்த பதினாறு குதிரைகளின் குளம்புகளையும் தினமும் என்னையே சுத்தம் செய்ய வைத்தார். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நாளைக்கு 64. தோளிலிருந்து கையைத் தடவிக்கொண்டே இறங்கி, காலைத் தூக்கச் சொல்லி, கொக்கியால் குதிகாலிலிருந்து நுனியை நோக்கிச் சுரண்ட வேண்டும். நடுவே முக்கோணமாக மெத்தென்று இருக்கும் இடத்தில் கொக்கி குத்தக் கூடாது. இன்றைக்கும் இருட்டில் செய்வேன்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். மகள் குளம்பைத் தூக்கும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்கிறாரா? குதிரைக்கு நேர் பின்னால் போகக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? தாடைப் பட்டை கட்டிய ஹெல்மெட்டும், அங்கவடிக்குள் (சேணத்தில் தொங்கும் கால் வளையம்) பாதம் வழுக்கிப் போகாதபடி சிறு குதி வைத்த ஷூவும் போடுகிறாளா? டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறீர்களா? லாயத்து மண்ணில் அந்தக் கிருமி இருக்கும். இன்று இரவு மகளிடம், "ஏன் லத்தி அள்ளுகிறாய்?" என்று கேளுங்கள். பதில் சொன்னால் உங்கள் பணம் வீண் போகவில்லை. "அள்ளச் சொன்னார்கள்" என்று மட்டும் சொன்னால், உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பயிற்சியாளரிடம் சண்டை போடுங்கள். நானும் உங்கள் பக்கம்தான்.

கல்லூரி மாணவன் நான். அந்தியூர் சந்தையில் ஒரு மார்வாரிக் குதிரை வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– ஒரு வாசகர், மதுரை

குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு நானும் போவேன். நுனி வளைந்து ஒன்றையொன்று தொடும் அந்தக் காதுகளைப் பார்த்து மயங்காதவர் யார்? ஆனால் முதலில் உங்களையே கொஞ்சம் பாருங்கள் தம்பி.

400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு உலர்தீவனம் மட்டும் 6 முதல் 8 கிலோ. தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையாது, சித்திரையில் இன்னும் கூடும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் வர வேண்டும். குதிரை 25, 30 வருடம் வாழும்; உங்களுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதும்போதும் அது கனைத்துக்கொண்டு நிற்கும். கூட்டமாக வாழும் பிராணி என்பதால் தனியாகக் கட்டிப்போட்டால் ஏங்கிப்போகும்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடுமாம் என்று குதிரையைக் கேலி செய்வோம். என் அனுபவத்தில் அது வாங்குகிறவர்களுக்கே அதிகம் பொருந்துகிறது. படம் எடுக்கும் நாளில் இருக்கும் உற்சாகம், மழைநாளில் லாயம் கழுவும்போது இருப்பதில்லை. ஒரு வருடம் அருகில் உள்ள லாயத்தில் வேலை செய்யுங்கள். அதில் தீபாவளி இரவும் அடங்க வேண்டும். வெடிச் சத்தத்தில் நடுங்கும் குதிரையின் பக்கத்தில் விடியும்வரை நின்று பேசிக்கொண்டிருந்த பிறகும் ஆசை இருந்தால் எனக்கு எழுதுங்கள், சந்தைக்கு நானே கூட வருகிறேன்.

எங்கள் தெருவில் ஊர்வலக் குதிரைக்குக் கல்யாண வீட்டில் மிஞ்சிய சாதத்தை வாளி வாளியாகப் போடுகிறார்கள். புண்ணியம்தானே?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

புண்ணியம் இல்லை. குதிரைக்கு உடல்தான் பெரியது, இரைப்பை சிறியது. நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கான அமைப்பு அது. ஒரேயடியாக மாவுச்சத்து போனால் பெருங்குடலில் புளித்து, வயிற்றுவலியும், குளம்புக்குள் அழற்சியும் வரும். பிறகு நடக்கவே முடியாது.

இது நமக்குப் பழைய வியாதி. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியே வாங்கினார், வருட முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்று எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரியாததுதான் காரணம் என்கிறார். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போட்டார்களாம். மனிதர் கொஞ்சம் மிகைப்படுத்துவார்தான், ஆனாலும் உங்கள் தெருவை நினைத்தால் நம்பத் தோன்றுகிறது. சாதத்துக்குப் பதில் ஒரு கட்டுப் புல் வாங்கிக் கொடுங்கள்.

வயது 62. இப்போது கற்றுக்கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பொள்ளாச்சி

தாராளமாக. முதுகையும் எலும்பையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். தரையிலிருந்து தாவி ஏற வேண்டாம், மேடை மேல் நின்று ஏறுங்கள். குதிரையின் முதுகுக்கும் அதுதான் நல்லது. லத்தி அள்ளுவதில் வயதுச் சலுகை கிடையாது.

குதிரை நின்றுகொண்டே தூங்குமாமே, உண்மையா?
– ஆறாம் வகுப்பு மாணவி, நாமக்கல்

பாதி உண்மை கண்ணே. கால் மூட்டுகளைப் பூட்டிவைப்பதுபோல ஓர் ஏற்பாடு அதன் உடம்பிலேயே இருக்கிறது, நின்றபடியே கண்ணயரும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும், கொஞ்ச நேரமாவது. பயமில்லாத இடத்தில்தான் படுக்கும். எங்கள் அத்தை படுப்பதை நானே இரண்டு மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். காலையில் அவள் விலாவில் வைக்கோல் ஒட்டியிருந்தால், இரவு நன்றாகத் தூங்கியிருக்கிறாள் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைத் துலக்கிவிடுவதும் அவர்கள்தான்.