உளுந்துக்கு மணிச்சத்து: அளவு சரி, இடம்தான் தவறு

கேள்வி: பல்லடம் பக்கம் சுண்ணாம்புக்கல் கலந்த செம்மண் தோட்டம். ஒரு ஏக்கரில் உளுந்து விதைத்து 30 நாள் ஆகிறது. 20-ஆம் நாள் ஒரு மூட்டை டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தை மேலாக விசிறித் தண்ணீர் பாய்ச்சினேன். செடி ஒரு சாணுக்கு மேல் எழவில்லை. இலை கரும்பச்சையாக மங்கிக் கிடக்கிறது. இன்னொரு மூட்டை போடலாமா ஐயா?

பதில்: வேண்டாம், ஐயா. ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ டி.ஏ.பி.யில் 23 கிலோ மணிச்சத்து (பாஸ்பேட்) இருக்கிறது. இறவை உளுந்துக்கு ஏக்கருக்கு 20 கிலோ போதும். ஆகவே உங்கள் பயிருக்குக் குறைந்தது உரமல்ல. அது வேருக்குப் போய்ச் சேரவில்லை.

யூரியாவைப் போல மணிச்சத்து தண்ணீரோடு இறங்காது. விழுந்த இடத்திலேயே நிற்கும். உங்கள் மண்ணில் இருக்கும் சுண்ணாம்பு அதைப் பிடித்துக் கரையாதபடி இறுக்கிவிடும். பயறு வகைக்கு இது இரட்டை இழப்பு. வேர்முடிச்சுகளில் இருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தான நைட்ரஜனைப் பிடித்துத் தருவதற்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைக் கைமாற்றித் தருவதே மணிச்சத்துதான். முளைத்த முதல் சில வாரங்களில் அது கிடைக்காவிட்டால் வேரும் ஓடாது, முடிச்சும் திரளாது. 65, 70 நாள் பயிரில் 20-ஆம் நாள் என்பது மிகவும் பிந்திய நாள்.

களைக்கொத்தால் இரண்டு செடிகளை மண்கட்டியோடு பெயர்த்து, தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் அது வேலை செய்யவில்லை.

இப்போது செய்யக்கூடியது இலைவழித் தெளிப்பு. 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி, 200 லிட்டராக்கி மாலையில் அடியுங்கள். பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து மறுமுறை. காய் பிடிக்க உதவும். ஆனால் வேர் இழந்ததை முழுவதும் மீட்டுத் தராது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

அடுத்த பட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். கட்டுத்தரையில் மக்கிய எரு 300 கிலோவுடன் சூப்பர் பாஸ்பேட் 125 கிலோவைக் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் மூடி வையுங்கள். சுண்ணாம்பு மண்ணுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எருவோடு சேர்ந்த மணிச்சத்து அவ்வளவு விரைவில் இறுகாது, பயறுக்கு வேண்டிய கந்தகமும் சூப்பரிலேயே வந்துவிடும். விதைப்பன்று 22 கிலோ யூரியாவோடு இதைச் சாலில், விதைக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் இடுங்கள். சாம்பல்சத்துக்கான பொட்டாஷையும் அடியுரமாகவே கொடுத்துவிடுங்கள். விதையை ஆறிய கஞ்சியில் ரைசோபியமும், மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவும் கலந்து நேர்த்தி செய்து நிழலில் உலர்த்துவதையும் விடாதீர்கள்.

மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகப் பற்றாக்குறை வரும். இன்னொரு மூட்டை வேண்டாம் என்றது அதற்காகவும்தான். துத்தநாக சல்பேட் இடுவதானால் சூப்பரோடு கலக்காமல் தனியாக மணலில் கலந்து தூவுங்கள்.