கடவுச்சீட்டுக் கட்டணத்தில் எதற்கெல்லாம் பணம் போகிறது?

“ஒரு சிறு புத்தகத்தை அச்சிட்டுத் தர ஏன் இவ்வளவு கட்டணம்? விண்ணப்பத்தை நிராகரித்தால் பணத்தையாவது திருப்பித் தரக்கூடாதா? செலவைக் குறைக்க வழி உண்டா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கட்டணத்தின் பெரும்பங்கு புத்தகத்துக்கானது அன்று. இந்தப் பெயரும் பிறந்த தேதியும் முகமும் ஒரே குடிமகனுக்கு உரியவை என்று ஓர் அரசு பிற அரசுகளுக்கு உறுதியளிப்பதற்கு முன் நடத்தும் விசாரணைக்கானது. பிறப்புச் சான்றிதழைச் சரிபார்ப்பது, வேறு பெயரில் ஏற்கெனவே கடவுச்சீட்டு பெற்றிருக்கிறாரா என்று தேடுவது, பயணத்துக்கு நீதிமன்றத் தடை உள்ளதா என்று பார்ப்பது ஆகிய வேலைகள், முடிவு எதுவானாலும் நடந்தே தீர வேண்டியவை என்பதால்தான் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்துக்கும் பொதுவாகப் பணம் திரும்பி வருவதில்லை. பிரிட்டன் போன்ற சில நாடுகளில், வெளிநாட்டில் சிக்கலில் மாட்டும் குடிமக்களுக்குத் தூதரகங்கள் செய்யும் உதவியின் செலவும் இதிலேயே அடங்குகிறது. அடையாளச் சான்றாக மட்டும் வாங்கி வைத்திருப்பவருக்கு இது சற்று அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

புத்தகமும் சாதாரணமானதன்று. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் ஆவணம் வகுத்த தரப்படி, விவரப் பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்காக, 44 எழுத்திடங்கள் கொண்ட இரண்டு வரிகள் உள்ளன. கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஒவ்வொன்றையும் அடுத்து, படித்ததில் பிழை உண்டா என்று காட்டும் ஒரு சோதனை இலக்கம் வரும். 7, 3, 1 என்ற எண்களால் மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, பத்தால் வகுத்தால் எஞ்சும் மீதியே அது. மின்னணுக் கடவுச்சீட்டானால் இதே விவரங்கள் புகைப்படத்துடன் சிப்பிலும் பதிவாகி, வழங்கும் நாட்டின் மின்னணுக் கையொப்பத்தால் பூட்டப்படுகின்றன. அதன்பின் ஓரெழுத்தையும் திருத்த முடியாது. பெயரில் பிழை நேர்ந்தால் புதுப் புத்தகமே அச்சிட வேண்டும்.

ஆகவே, செலவு உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் விண்ணப்பிக்கும் கட்டத்தில்தான். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே படிவத்திலும் எழுதுங்கள். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடி கேட்பதால், அச்சிட்ட காலாவதித் தேதியை நம்பியிராமல் ஓராண்டு முன்பே புதுப்பித்தால் அவசரக் கட்டணம் மிச்சமாகும். அடிக்கடி பயணிப்பவருக்குக் கூடுதல் பக்கப் புத்தகம் லாபம். தொலைந்ததாகப் புகார் கொடுத்தபின் பழைய கடவுச்சீட்டு கிடைத்தால், அதை எடுத்துக்கொண்டு பயணம் கிளம்பாதீர்கள். அதன் எண் இன்டர்போலின் தரவுத்தளத்தில் ஏறியிருக்கக்கூடும் என்பதால், வழங்கிய அலுவலகத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள்.