கைக்குழந்தையோடு அந்தமான் போகிறோம், கொசுக்கடிக்கு என்ன செய்வது?

ஜனவரி இரண்டாம் வாரம் ஐந்து இரவுகள், 4 வயது மகள், 10 மாதக் கைக்குழந்தை, போர்ட் பிளேரும் ஹேவ்லாக்கும் நீலும் பார்க்கத் திட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகளோடு நாங்கள் இரண்டு முறை போய் வந்தோம். முதல் முறை நன்றாகக் கடி வாங்கினோம். இரண்டாம் முறை ஏறக்குறையத் தப்பித்தோம். அதை வைத்துச் சொல்கிறேன். (இந்த மூன்று ஊர்களுக்கும் இப்போது ஸ்ரீ விஜயபுரம், ஸ்வராஜ் தீவு, ஷாஹீத் தீவு என்று பெயர் மாறியிருக்கிறது. டிக்கெட்டில் அப்படி இருந்தால் குழம்ப வேண்டாம்.)

முதலில் பொழுதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் ஏமாந்தது அங்கேதான். அந்தமான் நமக்குக் கிழக்கே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆனால் கடிகாரம் மட்டும் நம் கடிகாரம். அதனால் சென்னையை விட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாகவே அங்கே பொழுது விடியும், முன்னதாகவே சாயும். நீங்கள் போகும் வாரத்தில் ஐந்தேகாலுக்குள் சூரியன் இறங்கிவிடும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. விடிந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன்னால் இரண்டு மூன்று மணி நேரம், இவைதான் அது அதிகம் கடிக்கும் நேரம். நம் ஊர் அம்மாக்கள் மாலை ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்துவோமே, அந்தப் பழக்கம் அங்கே உதவாது. அங்கே மதியம் இரண்டரை மணிக்கே அதற்குச் சாயங்காலம் ஆரம்பித்துவிடுகிறது. அந்த நேரத்தில்தான் நாங்கள் சாப்பிட்டு முடித்து, இரண்டு தென்னைக்கு நடுவே கட்டியிருந்த வலை ஊஞ்சலில் மகளை மேலே போட்டுக்கொண்டு கண்ணை மூடினோம். எழுந்தபோது என் கணுக்கால் இரண்டிலும் தடிப்பு தடிப்பாக இருந்தது.

ஆனால் மகளின் காலில் இருந்தது வேறு. அது கொசுவே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

நீல் தீவில் முதல் நாள் மாலை, அலை திரும்பிப் போன ஈர மணலில் அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வீடு கட்டினாள். காற்றே இல்லை. அவள் ஒரு தடவைகூட "கடிக்குது" என்று சொல்லவில்லை. இரவு பதினோரு மணிக்குச் சொறிந்துகொண்டே எழுந்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே கடுகு தூவியது போலச் சிவப்புப் புள்ளிகள். ஒரு காலில் மட்டும் நாற்பது வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை. இரண்டாம் நாள் ஒவ்வொரு புள்ளியின் உச்சியிலும் சின்னதாய் நீர் கோத்தது. மூன்றாம் நாள் சொறிந்த இடங்களில் சீழ் வைத்துவிட்டது. திரும்பி வந்து ஆன்டிபயாடிக் கொடுத்துத்தான் ஆறியது, தழும்பு மறைய மாதங்கள் ஆயின.

அந்தப் பூச்சியை அங்கே எல்லோரும் 'சாண்ட்ஃபிளை' என்கிறார்கள். பீகார் பக்கம் காலா அசார் என்ற நோயைப் பரப்பும் மணல் ஈ வேறு. கடற்கரையில் கடிப்பது பெரும்பாலும் அதைவிடப் பொடியான ஒரு வகைப் பூச்சி, இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஈர மணலிலும், அலையாத்திக் காட்டுச் சேற்றிலும் அதன் புழுக்கள் வளரும். டெங்குவோ மலேரியாவோ அதனால் வராது, அந்த மட்டில் நிம்மதி. ஆனால் அரிப்பு கொசுக்கடியைப் போல ஒரு மணி நேரத்தில் அடங்காது, ஒரு வாரம் படுத்தும். சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் அது நுழைந்துவிடும். அதன் பலவீனம் காற்று. கொஞ்சம் காற்று வீசினாலே அதனால் பறக்க முடியாது.

இதை எனக்குச் சொல்லித் தந்தது, நாங்கள் தங்கிய வீட்டை நடத்திய வங்காளி அம்மா. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள்தான். எல்லோரும் அவரை 'பௌதி' என்றார்கள், நம்ம ஊர் அண்ணி மாதிரி. மகளின் காலைப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு வந்தார். தலைக்கு வைப்பது போல இல்லை, கால் பளபளக்கிற அளவுக்குத் தடவினார். மறுநாள் மாலை அப்படித் தடவிக்கொண்டு நான் மட்டும் கரைக்குப் போய்ப் பார்த்தேன். கால் மணி நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால் எண்ணெய்ப் படலத்தில் மிளகுத்தூள் போலப் பத்துப் பன்னிரண்டு பூச்சிகள் ஒட்டிச் செத்துக் கிடந்தன. கடிக்க உட்கார்ந்தது எழ முடியாமல் சிக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இது இந்தப் பொடிப்பூச்சிக்கு. டெங்குக் கொசுவை எண்ணெயை நம்பி எதிர்கொள்ளாதீர்கள், அதற்குக் கொசு விரட்டிக் கிரீம்தான்.

இரண்டாம் முறை போனபோது மாற்றியது முக்கியமாக நேரம்தான். காலை எட்டரைக்கு மேல், காற்று எழுந்த பிறகு, கடற்கரை. பதினொன்றுக்குள் அறைக்குத் திரும்பிவிடுவோம், வெயிலுக்கும் அது நல்லது. மதியத் தூக்கம் அறைக்குள், ஃபேனுக்குக் கீழே. மூன்று மணிக்கு மேல் வெளியே போனால் குழந்தைகளுக்கும் எங்களுக்கும் முழுக்கை, முழுக்கால், சாக்ஸ். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்காமல் வர முடியாது, பார்க்கவும் வேண்டும். ஈர மணலில் உட்காராமல் மேலே இருக்கும் பெஞ்சிலோ மரக்கட்டையிலோ உட்கார்ந்து பாருங்கள். சூரியன் இறங்கியதும் கிளம்பிவிடுங்கள்.

துணியில் இறுக்கமான லெக்கிங்ஸ் வேண்டாம், அதற்கு மேலாகவே கொசு குத்தும். தொளதொளப்பான பருத்தி, வெளிர் நிறம். கருநீலமும் கறுப்பும் ஏடிஸை இழுக்கும். சாக்ஸைச் சொல்வது காரணத்தோடுதான், அது கணுக்காலைத்தான் தேடி வரும்.

கிரீம் விஷயத்தில் ஒன்று. நம் கடைகளில் கிடைக்கும் ஓடோமாஸில் இருப்பது டைஎத்தில் பென்சமைடு என்ற விரட்டி மருந்து. வீட்டுக்குள் சில மணி நேரத்துக்கு அது போதும். வியர்த்து வழியும் தீவில் டீட் (DEET) என்ற விரட்டி மருந்து 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஸ்ப்ரேயோ, இகாரிடின் என்ற இன்னொரு மருந்து 20 சதவீதம் இருப்பதோ நீண்ட நேரம் நிற்கும். இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள், தீவுக் கடைகளில் தேடித்தான் கிடைத்தது. டீட் பட்டால் பிளாஸ்டிக் இளகும், என் கூலிங் கிளாஸ் ஃபிரேம் பிசுபிசுத்துப் போனது அப்படித்தான். சன்ஸ்கிரீனும் போட வேண்டியிருக்குமே, வரிசை முக்கியம். முதலில் சன்ஸ்கிரீன், அது தோலில் இறங்கக் கால் மணி நேரம், பிறகு கொசு விரட்டி. டீட்டை மேலே போட்டால் சன்ஸ்கிரீனின் பலன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, அதனால் தொப்பியும் சட்டையும் வேண்டும். இரண்டும் கலந்த ஒரே டியூப் வாங்காதீர்கள். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போட வேண்டும், விரட்டியை அத்தனை முறை போடக் கூடாது. கடலில் குளித்து வந்தால் எல்லாமே முதலிலிருந்து.

மகளுக்கு நீங்கள் உங்கள் கையில் எடுத்துத் தடவுங்கள். அவள் உள்ளங்கையிலும் விரல்களிலும் வேண்டாம், கை வாய்க்குப் போகும். இரவு படுக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். கைக்குழந்தைக்கு டீட் இரண்டு மாதத்துக்கு மேல் போடலாம் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல் இருக்கிறது, ஆனாலும் போகும் முன் உங்கள் குழந்தை மருத்துவரிடம் எந்த அளவு, எத்தனை முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சை வாசம் வரும் யூகலிப்டஸ் எண்ணெய் விரட்டி 'இயற்கை' என்று விற்கப்படுகிறது, மூன்று வயதுக்குக் கீழே அது கூடாது. என்னைக் கேட்டால் 10 மாதக் குழந்தைக்குக் கிரீமை விட வலைதான் பெரிய காவல். குடை மாதிரி விரித்து மூடும் குழந்தைக் கொசுவலை ஒன்று, ஸ்ட்ரோலரையோ கேரியரையோ மூடும் அளவுக்கு நெருக்கமான வலைத்துணி ஒன்று, இரண்டையும் பெட்டியில் வையுங்கள். பகல் தூக்கமும் வலைக்குள்தான். நாங்கள் இருந்த இரண்டாம் இரவு ஹேவ்லாக்கில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனது. பிளக்கில் மாட்டும் லிக்விட் அணைந்தது, ஃபேன் நின்றது, வலை மட்டும்தான் இருந்தது. அறைக்குள் கொசுவத்திச் சுருள் மட்டும் கொளுத்தாதீர்கள். ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள், பிஞ்சு நுரையீரலுக்கு அது வேண்டாம்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு சுற்று வாருங்கள். பாத்ரூம் வாளி, பூந்தொட்டித் தட்டு, வெளியே கால் கழுவ வைத்திருக்கும் தொட்டி, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் தேங்கிய டப்பா. எங்கள் குடிலுக்குப் பின்னால் இளநீர் வெட்டிப் போட்ட மட்டைகள் ஒரு குவியல் கிடந்தன. முந்தின வாரம் பெய்த மழை ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் அளவு நின்றிருந்தது. செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கொசுப்புழுக்கள் வெளிச்சம் பட்டதும் துள்ளித் துள்ளி அடிக்குப் போயின. முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். ஏடிஸ் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை, அதனால் உங்களைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் உங்கள் குடிலைச் சுற்றிப் பிறந்ததுதான். பௌதியிடம் காட்டினேன். அவர் மகன் வந்து மட்டைகளைக் கவிழ்த்துக் கொட்டினான். கேட்கத் தயங்க வேண்டாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சமையலறைப் பையனிடமோ டிரைவரிடமோ தமிழிலேயே கேட்கலாம், போர்ட் பிளேரில் நம் ஆட்கள் நிறைய.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போவதாக இருந்தால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு யோசியுங்கள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் முதல் வண்டித் தொடருக்காக விடியுமுன்பே போய் வரிசையில் நிற்க வேண்டும், டீக்கடை வெளிச்சத்தில் காட்டோரத்தில் நின்ற அந்த நேரத்தில்தான் எங்களுக்கு அதிகம் கடித்தது. பாராடாங்கிலிருந்து குகைக்குப் படகு போவதும் அலையாத்திக் காட்டுக்குள்தான். போவதென்றால் ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போதே கிரீம் போட்டுவிடுங்கள், வரிசையில் காத்திருக்கும்போது வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

மலேரியாவைப் பற்றிப் பயப்பட வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1789-இல் ஆங்கிலேயர் அங்கே போட்ட முதல் குடியிருப்பையே நோயும் சாவும் தாங்காமல் 1796-இல் கைவிட்டுப் போனார்கள். நிகோபார் பக்கம் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவில் உப்பு கலந்த நீரிலும் பிறக்கும் வகை ஒன்று உண்டு. ஆனால் நிகோபாருக்கு நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்கள் போவதில்லை. ஹேவ்லாக், நீல் வழியில் முன்கூட்டி மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும், எங்கள் மருத்துவர் எங்களுக்கு வேண்டாம் என்றார். 2006-இல் சிக்குன்குனியா அந்தமானைப் புரட்டிப் போட்டது. பகல் கொசுவுக்கு நான் இவ்வளவு எழுதுவது அதனால்தான்.

பூண்டு, வைட்டமின் பி மாத்திரை, கையில் கட்டும் வாசனைப் பட்டை, செல்போனில் ஒலி எழுப்பும் ஆப், இவை எதுவும் காப்பாற்றாது. கடித்த பிறகு ஐஸ் ஒத்தடம், கேலமைன் லோஷன், அரிப்பு தாங்காவிட்டால் மருத்துவர் சொன்ன அளவில் செட்ரிசின். கிளம்பும் முன் இருவருக்கும் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், என் மகளுக்குச் சீழ் வைத்தது நகத்தால்தான்.

கடைசியாக, திரும்பி வந்த பிறகும் இரண்டு வாரம் கவனமாக இருங்கள். எங்களோடு வந்த என் தம்பிக்கு ஊர் திரும்பிய நான்காம் நாள் காய்ச்சல். பக்கத்துத் தெரு கிளினிக்கில் எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. உடம்பு வலிக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். காய்ச்சல் தொடங்கிய நான்காம் நாள் அது விட்டது, நாங்கள் சந்தோஷப்பட்டோம். அன்று இரவே வயிற்று வலி, வாந்தி, பல் ஈறில் ரத்தம். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதனால் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக "அந்தமான் போய் வந்தோம்" என்று சொல்லுங்கள். பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள், ஆஸ்பிரினும் இபுப்ரோஃபனும் வேண்டாம். காய்ச்சல் வந்த முதல் ஐந்து நாளுக்குள் டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை கேளுங்கள். காய்ச்சல் இருக்கும் நாட்களில் யாராக இருந்தாலும் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கும் நம் வீட்டுக் கொசு, எட்டுப் பத்து நாளில் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அந்தக் காய்ச்சலைக் கொண்டுபோய்விடும்.