வாசகர் கேள்வி–பதில்: சென்னையைச் சுற்றி ஒரு வாக்குச்சீட்டு

சென்னைப் பெருநகரப் பகுதியின் உள்ளாட்சித் தேர்தல்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறோம். ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி (மேடவாக்கத்திலிருந்து ஒரு வாசகர்): பக்கத்திலிருக்கும் பள்ளிக்கரணையில் 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. எங்களுக்கு அன்று வாக்கே இல்லை. நாங்கள் சென்னையில் இல்லையா?

பதில்: அஞ்சல் முகவரிப்படி சென்னையில்தான் இருக்கிறீர்கள்; உள்ளாட்சிக் கணக்கில் இல்லை. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் அதனுடன் இணைக்கப்பட்டன. பள்ளிக்கரணை உள்ளே வந்தது. மேடவாக்கம் புனித தோமையார் மலை ஒன்றியத்தின் கிராம ஊராட்சியாகவே வெளியில் நின்றது. ஆகவே அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த உங்கள் ஊர், சட்டத்தின் பார்வையில் கிராமம்.

நீங்கள் வாக்களிக்க வேண்டிய தேர்தல் 2021 அக்டோபரில், செங்கல்பட்டு உள்ளிட்ட 9 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சித் தேர்தலோடு முடிந்துவிட்டது. அன்று வாக்குச்சாவடிக்குப் போயிருந்தால் உங்கள் கையில் நான்கு நிறங்களில் நான்கு வாக்குச்சீட்டுகளைக் கொடுத்திருப்பார்கள்: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்ட ஊராட்சிக் கவுன்சிலர். பள்ளிக்கரணைக்காரர் மின்னணு இயந்திரத்தில் ஒரே ஒரு பொத்தானை அழுத்தி ஒரே ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்தார். வாக்கின் எண்ணிக்கையைப் பார்த்தால் உங்களுக்குத்தான் கூடுதல் உரிமை. தலைவரையே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு உண்டு, அவருக்கு இல்லை.

இன்னொரு விந்தையும் இருக்கிறது. அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கமும் ஊராட்சிதான். ஆனால் அது திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால் 2019 டிசம்பரிலேயே அங்கே தேர்தல் நடந்துவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்ததைப் போல மாவட்டங்கள் புதிதாகப் பிரிக்கப்பட்டதால், அவற்றில் வார்டு வரையறையை முடித்த பிறகே தேர்தல் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதனால் உங்கள் மாவட்டம் பின்தங்கியது. ஒரே பெருநகரத்தில் அயப்பாக்கம் 2019-லும், மேடவாக்கம் 2021-லும், மாநகரம் 2022-லும் வாக்களித்தன என்றால், ‘சென்னைத் தேர்தல்’ என்று நாம் சொல்வது எதை என்ற ஐயம் நியாயமானதே. குடிநீர், குப்பை, ஏரி, வடிகால் ஆகிய எதுவும் இந்த எல்லைகளைப் பார்த்து நிற்பதில்லை என்னும்போது, இவற்றுக்கான பிரதிநிதிகளை மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் தேர்ந்தெடுப்பது சரியான ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி (குரோம்பேட்டை): எங்கள் பகுதியில் பல ஆண்டுகள் கவுன்சிலரே இல்லாமல் இருந்தது ஏன்? சட்டம் அதை அனுமதிக்கிறதா?

பதில்: அனுமதிக்கவில்லை. 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சியின் பதவிக்காலம் 5 ஆண்டுக்கு மேல் நீளக்கூடாது என்றும், அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது.

நடந்தது வேறு. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதம் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவிப்பும் வந்து, வேட்புமனுக்களும் வாங்கப்பட்ட நிலையில், அறிவிக்கையில் விதிகள் முறையாகப் பின்பற்றப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4-இல் அதை ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு அந்த வழக்கின் மையமாக இருந்தது. அதன் பிறகு மன்றங்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். அவர்களுடைய காலம் ஆறு ஆறு மாதமாக நீண்டது. வார்டு வரையறை, வழக்கு, புதிய மாவட்டங்கள், கொரோனா என்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. கடைசியில் உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் கெடு வைத்த பிறகே 2022 பிப்ரவரி 19-இல் வாக்குப்பதிவு நடந்தது. அதற்குள் உங்கள் பல்லாவரம் நகராட்சியே இல்லாமல் போய், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளோடும் 5 பேரூராட்சிகளோடும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது. நகராட்சி மாநகராட்சியாக மாறுவதைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டிய மன்றம் அந்த நேரத்தில் எந்த ஊரிலும் இல்லை.

அந்த இடைவெளியில்தான் 2019 கோடை வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. எந்தத் தெருவுக்கு லாரி வந்தது, எதற்கு வரவில்லை என்று கேட்க வார்டுக்கு ஒருவர் இல்லை. அதிகாரிகள் உழைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பலர் இரவு பகலாக உழைத்தார்கள். ஆனால் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கக்கூடிய ஆள் ஒருவர் இருப்பது வேறு.

சென்னைக்கு இது புதிதுமல்ல. மஸ்டர் ரோல் (பணியாளர் வருகைப் பதிவேடு) ஊழல் புகாரைத் தொடர்ந்து 1973-இல் கலைக்கப்பட்ட மாநகராட்சி மாமன்றத்துக்கு மறுபடி தேர்தல் நடந்தது 1996-இல். அன்று வாக்களித்த முதல்முறை வாக்காளர்களில் பெரும்பாலோர் கவுன்சிலர் என்பவரைப் பார்த்தே வளராதவர்கள்.

கேள்வி (மேற்கு மாம்பலம்): மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை ஏன் போய்விட்டது?

பதில்: போவதும் வருவதுமாகவே இருக்கிறது. 1996-லும் 2001-லும் நேரடித் தேர்தல், இரண்டிலும் மு.க.ஸ்டாலின் வென்றார். 2006-இல் கவுன்சிலர்கள் வாக்களித்து மா.சுப்பிரமணியன் மேயரானார். 2011-இல் மறுபடி நேரடி முறையில் சைதை துரைசாமி. 2016-இல் மறைமுகம் என்று சட்டம், 2018-இல் நேரடி என்று சட்டம், 2019 நவம்பரில் மறைமுகம் என்று அவசரச் சட்டம். இந்தக் கடைசி முறையில்தான் 2022 மார்ச் 4-இல் ஆர்.பிரியா மேயரானார்.

எது மேல் என்பதைப் பற்றிக் கட்சிக்காரர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. எந்த முறையில் வந்தாலும் நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடமே இருக்கிறது. அந்த அதிகாரத்தை மாற்றாமல் தேர்ந்தெடுக்கும் வழியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதால் ரிப்பன் மாளிகையில் மேயர் அமரும் நாற்காலிக்குக் கூடுதல் வலு வந்துவிடாது.

கேள்வி (வேளச்சேரி): சாக்கடை அடைத்துக்கொண்டால் கவுன்சிலர், ‘அது என் வேலை இல்லை’ என்கிறார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. உங்கள் தெருவில் இரண்டு வகை மூடிகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஓரத்தில் நீளமாகப் போகும் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது; நடுவில் வட்ட மூடி போட்டிருக்கும் கழிவுநீர்த் தொட்டி, தனிச் சட்டத்தின் கீழ் இயங்கும் குடிநீர் வாரியத்தினுடையது. தெருவிளக்கு மாநகராட்சிக்கு; விளக்குக்கு வரும் மின்சாரம் மின்வாரியத்துக்கு. உள்தெரு மாநகராட்சிக்கு, அண்ணா சாலை போன்றவை நெடுஞ்சாலைத் துறைக்கு. கட்டட அனுமதியில் பெரியவை சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.) போகின்றன.

ஆனால் குடியிருப்பவருக்கு இந்தப் பங்கீடெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. கவுன்சிலர் வாரியத்தின் பகுதிப் பொறியாளரை அழைத்துப் பேசலாம், மண்டலக் குழுவில் எழுப்பலாம், மாமன்றக் கூட்டத்தில் பதிவு செய்யலாம். ‘என் வேலை இல்லை’ என்று சொல்வதை விட ‘யாருடைய வேலை’ என்று சொல்லி அவரைக் கூப்பிட்டு நிறுத்துவதே கவுன்சிலரின் பயனுள்ள வேலை. 2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும், அதன் கீழ் பகுதி சபைகளும் உண்டு. உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது, அதன் தீர்மானங்கள் என்ன என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி (ஆவடி): பெண்களுக்குப் பாதி இடம் என்கிறார்கள். கணவர்கள்தானே வார்டில் சுற்றுகிறார்கள்?

பதில்: சில வார்டுகளில் அப்படித்தான். சுவரொட்டியில் அம்மையாரின் படத்தை விடக் கணவரின் படம் பெரிதாக இருப்பதையும் நாம் பார்க்கிறோம். ஆனால் இதை இட ஒதுக்கீட்டின் குற்றமாகச் சொல்வது தவறு. மூன்றில் ஒரு பங்காக இருந்த ஒதுக்கீட்டை 2016-இல் தமிழ்நாடு பாதியாக உயர்த்தியது. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவை கட்சிகள். நிர்வாகியின் மனைவிக்கே சீட்டு என்ற வழக்கத்தை மாற்ற வேண்டியவையும் அவைதான். 2022-இல் சென்னை, தாம்பரம் மேயர் பதவிகள் பட்டியலினப் பெண்களுக்கும், உங்கள் ஆவடி மேயர் பதவி பட்டியலினத்தவருக்கும் ஒதுக்கப்பட்டன. அந்த ஒதுக்கீடு இல்லாமல் இந்தப் பெருநகரத்தின் மூன்று மாநகராட்சிகளிலும் பட்டியலினத்தவர் ஒரே நேரத்தில் மேயராக அமர்ந்திருப்பார்கள் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கேள்வி (அண்ணா நகர்): சென்னையில் வாக்குப்பதிவு ஏன் இவ்வளவு குறைவு?

பதில்: 2022-இல் மாநிலம் முழுவதும் சுமார் 60 சதவீதம், சென்னையில் 43 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. சோம்பல் என்று ஒரு சொல்லில் முடிப்பது எளிது. வாடகை வீடு மாறியவரின் பெயர் பழைய தெருவின் பட்டியலிலேயே கிடப்பது, வார்டு எல்லைகள் மாறியதில் தம் வார்டு எண்ணே பலருக்குத் தெரியாதது, ஒரு வார்டுக்குச் சராசரியாக 30,000 வாக்காளர் இருக்கும்போது வேட்பாளரின் முகம் தெரியாதது எல்லாம் அதற்குள் இருக்கின்றன. உள்ளாட்சிக்குத் தனியாக வாக்காளர் பட்டியல் தயாரிப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலையே வார்டுவாரியாகப் பிரிக்கிறார்கள். எனவே பெயரை அதில் சரிசெய்துகொள்வதே வழி.

கேள்வி (போரூர்): எனக்கு 22 வயது. அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாமா?

பதில்: நிற்கலாம். 21 வயது முடிந்திருக்க வேண்டும். உங்கள் பெயர் சென்னை மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். மாநகராட்சியோடு ஒப்பந்தப் பணி எதுவும் நிலுவையில் இருக்கக்கூடாது. வைப்புத்தொகையை விடச் செலவுக் கணக்கில் கவனமாக இருங்கள். தோற்றவரும் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். செய்யாதவர்களைத் தேர்தல் ஆணையம் தகுதிநீக்கம் செய்யலாம். ஆகவே துண்டறிக்கைக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்த பணத்துக்கு அன்றன்றே ரசீது வாங்கி வையுங்கள்.