நுவரெலியாவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு அம்மாவோடு போவதென்றால்

காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு 8 மணிக்குக் கிளம்பலாமா, முழங்கால் வலி உள்ள அம்மாவால் நடக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். 8 மணி வேண்டவே வேண்டாம். 9, 10 மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிடும், உலக முடிவு (World's End) என்ற செங்குத்தான மலைவிளிம்பில் நின்றால் வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரியும். விடிவதற்கு முன்பே, ஐந்து மணி போல புறப்பட்டு, பட்டிப்பொல வழியாகப் போங்கள்.

வாகனம் பூங்காவுக்குள் ஃபார் இன் (Farr Inn) என்ற பார்வையாளர் மையம் வரைதான், அதற்கப்புறம் நடைதான். முழுச் சுற்று சுமார் 9 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் மூன்றரை மணி நேரமாவது ஆகும். அம்மாவுக்காக நான் சொல்வது, பாதை பிரியும் இடத்தில் சின்ன உலக முடிவுப் பக்கம் திரும்பி, அந்தச் சிறிய மலைவிளிம்பு வரை போய், அவர் களைத்திருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். பேக்கர்ஸ் அருவிக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை, ஈரமாக இருந்தால் வழுக்கும், முழங்கால் வலியோடு அது சரிவராது.

பொலித்தீன் எதுவும் கொண்டுபோகாதீர்கள், வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்து எடுத்துவிடுவார்கள். ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொள்ளுங்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் மரை மான்கள் பக்கத்திலேயே வந்து நிற்கும், ரோமத்தில் பனித்துளி தெரியும் அளவுக்கு. பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் தயவுசெய்து எதுவும் ஊட்ட விடாதீர்கள். 2,100 மீட்டருக்கு மேல் உயரம், விடியற்காலையில் நல்ல குளிர், அம்மாவுக்குக் கம்பளித் தொப்பியும் பிடிப்பான சப்பாத்தும் அவசியம்.