அங்கீத்தா: நேர்மையும் திட்டமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பெயினின் கம்யூனிஸ்ட் தலைவர் ஹூலியோ அங்கீத்தா பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருக்கான ஓய்வூதியத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பள்ளி ஆசிரியர் ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் நாட்டின் ஆட்சிக்கு ஒருநாளும் வரவில்லை. சோஷலிஸ்ட் பிரதமர் ஃபெலிப்பே கொன்சாலஸை விடாமல் எதிர்த்து, 1996இல் வலதுசாரி அஸ்னார் வர வழிவிட்டவர் என்றும் சொல்கிறார்கள். இந்த நேர்மையால் மக்களுக்கு என்ன லாபம்?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

2020 மே மாதம் அங்கீத்தா இறந்தபோது, வாழ்நாள் முழுக்க அவரை எதிர்த்தவர்கள்கூட அவருடைய நேர்மையைப் புகழ்ந்தார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒருவரை உத்தமர் என்று சொல்லி மாலை போட்டுவிட்டால், அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. எனவே உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது.

1996 பற்றிச் சொல்வதற்கு முன் 1993க்குப் போக வேண்டும். அந்தக் குற்றச்சாட்டைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த ஆண்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஸ்பெயின் நாடாளுமன்றத்தின் கீழவையில் 350 இடங்கள். பெரும்பான்மைக்கு 176 வேண்டும். 1993 தேர்தலில் கொன்சாலஸின் கட்சிக்கு 159, அங்கீத்தா தலைமையேற்ற ஐக்கிய இடதுசாரி என்ற கூட்டணிக்கு 18. கூட்டிப் பாருங்கள், 177. இடதுசாரிகள் மட்டுமே சேர்ந்து ஆளக்கூடிய எண்ணிக்கை அங்கே இருந்தது. ஆனால் கொன்சாலஸ் கத்தலோனியா, பாஸ்க் பகுதிகளின் தேசியவாதக் கட்சிகளின் ஆதரவைப் பெற்று ஆட்சியைத் தொடர்ந்தார். ஐரோப்பாவின் பொதுக் கரன்சியில் (யூரோ) சேர மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் விதித்த பட்ஜெட் பற்றாக்குறை வரம்புக்குள் வர வேண்டும் என்பது அவர் அரசின் பாதை. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடும் நாட்டில் அது உழைப்பவர் தலையில்தான் விடியும் என்பது அங்கீத்தாவின் வாதம். அடுத்த ஆண்டே தொழிலாளர் சட்டத்தை அரசு தளர்த்தியது. அதை எதிர்த்து 1994 ஜனவரி 27 அன்று தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் செய்தன.

யாரோடு கூட்டு என்று கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன பதில், "திட்டம், திட்டம், திட்டம்." என்ன செய்யப் போகிறோம் என்பதை முதலில் எழுதுவோம், அதற்கு யார் ஒப்புக்கொள்கிறார்களோ அவர்களோடு சேருவோம் என்பதுதான் அதன் பொருள். இதைப் பிடிவாதம் என்று பலர் கேலி செய்தார்கள். ஓட்டுப் போட்டவருக்குத் தரக்கூடிய குறைந்தபட்ச மரியாதை என்றே நான் நினைக்கிறேன்.

சரி, 1996. அஸ்னாருக்கு 156, கொன்சாலஸுக்கு 141, அங்கீத்தாவுக்கு 21. இடதுசாரிகள் இருவரும் சேர்ந்தாலும் 162தான். அஸ்னாரைப் பிரதமராக்கியது, முன்பு கொன்சாலஸைத் தாங்கி நின்ற அதே கத்தலோனியக் கட்சியின் 16 ஓட்டுகளும் பாஸ்க், கேனரித் தீவுக் கட்சிகளின் ஓட்டுகளும். கொன்சாலஸ் ஏன் தோற்றார் என்பதற்கும் அங்கீத்தாவைத் தேட வேண்டியதில்லை. சிவில் கார்டு என்னும் காவல் படையின் முன்னாள் தலைவர் ஊழல் வழக்கில் நாட்டை விட்டே ஓடியிருந்தார். பாஸ்க் போராளிகளைக் கொல்ல அரசு ஆட்களே நடத்திய கால் (GAL) என்னும் கொலைப்படையின் கதைகள் நீதிமன்றத்தில் வெளிவந்துகொண்டிருந்தன. இதைப் பார்த்தும் வலதுசாரி வந்துவிடக் கூடாது என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றால், எனக்கு அது ஏற்புடையதல்ல.

உங்களோடு நான் ஒத்துப்போகும் இடம் தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியா மாநிலம். அங்கே 1994 சட்டமன்றத் தேர்தலில் அவர் கட்சிக்கு 20 இடங்கள் கிடைத்தன. அப்புறம் வலதுசாரிகளோடு சேர்ந்து சோஷலிஸ்ட் மாநில அரசை முடக்கினார்கள், பட்ஜெட் நிறைவேறவில்லை. 1996 மறுதேர்தலில் 20 என்பது 13 ஆனது. வலதுசாரியோடு எழுதிய திட்டம் எதுவும் இல்லாமல் அவர்களோடு ஓட்டுப் போட்டதற்கு மக்கள் கொடுத்த தண்டனை அது. அவர் விதியை அவரே மீறிய இடமும் அதுதான். சோஷலிஸ்டுகளும் வலதுசாரிகளும் ஒரே கரையில் நிற்கிறார்கள், நாம் எதிர்க்கரையில் என்று பேசிப் பேசி, எதிர்ப்பே கொள்கை என்ற இடத்துக்குக் கட்சி வந்துவிட்டது.

ஆட்சியே பார்க்காதவர் என்றும் சொல்லிவிட முடியாது. கம்யூனிஸ்ட் கட்சி மீதான தடை நீங்கி இரண்டே ஆண்டில், 1979இல், கோர்தொபா நகர மேயரானார் இந்தப் பள்ளி ஆசிரியர். மாகாணத் தலைநகர்களில் கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்த ஒரே மேயர் பதவி அது. 1982 பொதுத்தேர்தலில் கட்சி நாடு முழுக்க நொறுங்கி 4 இடங்களுக்கு வந்தது. அடுத்த ஆண்டு கோர்தொபாவில் அவர் தனிப்பெரும்பான்மை பெற்றார். பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் போட்ட ஓட்டு அது. எனக்கு அது பெரிய சான்று.

2003 ஏப்ரல் 7. ஈராக்கில் போர்ச் செய்தியாளராக இருந்த அவர் மகன் ஏவுகணைத் தாக்குதலில் இறந்தார், வயது 32. மாட்ரிட் அருகே ஹெத்தாஃபேயில் ஒரு கூட்டத்தில் பேச வந்திருந்த அங்கீத்தா செய்தியைக் கேட்டுவிட்டு மேடையேறினார். ஏவியது ஈராக் படை, ஆனால் அது முக்கியமல்ல என்றார். மன்னராட்சி இல்லாத குடியரசுக்காகப் போராட இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லி, போர்களையும் அவற்றை நடத்தும் கயவர்களையும் சபித்தார். அந்தத் துயரத்திலும் ஒரு நாட்டின் மீது வெறுப்பை அவர் ஏவிவிடவில்லை.

நேர்மையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். எதிரில் நிற்பவர்கள் திருடர்களாக இருந்தால், நாணயமான ஒருவர் தீவிர வலதுசாரியாகவே இருந்தாலும் அவருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று அங்கீத்தா ஒருமுறை பேசினார். அந்தக் காணொளியைத்தான் இன்று அதிகம் பகிர்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. நாணயமான தீவிர வலதுசாரி தன் திட்டத்தையும் நாணயமாகவே நிறைவேற்றுவார். அகதியை விரட்டுவேன், தொழிற்சங்கத்தை ஒடுக்குவேன் என்று அதில் எழுதியிருந்தால் அதைச் சொன்னபடியே செய்வார். கை சுத்தமா என்று கேட்பதற்கு முன் திட்டத்தை வாசியுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் சொன்னவரிடமிருந்து அந்தப் பேச்சு வந்திருக்கக் கூடாது.